பராமரிப்பு நோட்டில் ஏறிய பேய்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "எழுத்தாளர், பிழைப்புக்காக லிஃப்ட் பார்க்கிறார்" என்று சொல்ல வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேய்க்கதை எழுதியிருக்கிறார். நாற்பத்தொன்றும் பத்திரிகை ஆபீஸுக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்பியிருக்கின்றன. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு ஒழுங்காக வீடு திரும்பாது.

ஆள் பார்ப்பதற்கு அப்படியொன்றும் மர்மமாக இருக்க மாட்டார். ஐந்தேகால் அடி உயரம், முன்வழுக்கை, சட்டைப் பையில் டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும் பேனாவும். விரல் இடுக்கில் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். இப்படிப்பட்டவருக்கு வேலை செய்யும் இடத்தில் 'மர்மம்' என்று பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் யாரோ போன் செய்து "மர்மம் இருக்காரா?" என்று கேட்க, ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது பேர் என் எதிரே உட்கார்ந்து, உள்ளே இருந்து வரும் மிஷின் சத்தத்தைக் கேட்டு வெளிறிப் போவதைப் பார்க்கிறவள். பயம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் தினமும் பாடம் உண்டு, அதுவும் சரியாக நான் தட்டில் கை வைக்கும் நேரத்தில்.

அவருடைய அலமாரி முழுக்கப் பழைய திகில் எழுத்தாளர்கள். எல்லோரும் செத்து நூறு வருஷம் ஆனவர்கள். அவர்களை 'ஆசான்கள்' என்பார். ஒரு ஆசான் பேயைக் காட்டவே மாட்டாராம். ஈரமான துண்டு ஒன்றை நாற்காலிமேல் காட்டுவார், அந்த வீட்டில் யாரும் குளித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். "பாத்தியா, பாத்தியா!" என்று இவர் துள்ளுவார். எங்கள் வீட்டில் தினமும் நாற்காலிமேல் ஈரத்துண்டு கிடக்கிறது, போட்டது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு ஆசான், "அந்தப் பயங்கரத்தை வார்த்தையால் சொல்லவே முடியாது" என்று ஆரம்பித்துவிட்டு நாற்பது பக்கம் வார்த்தையாலேயே சொல்வார். மூன்றாமவர் கதை சொல்கிறவனை எப்போதும் பேயை நம்பாதவனாக வைப்பார். டாக்டர், வக்கீல், பேராசிரியர் என்று. அந்த ஆளே கடைசியில் நடுங்கினால் வாசகன் நடுங்காமல் என்ன செய்வான் என்பது அவர் கணக்கு.

"காட்டினா போச்சு. பேய் முழுசா வெளிய வந்துட்டா பயம் அப்பவே செத்துடும். கதவுக்குப் பின்னாடி நிக்கிற வரைக்கும்தான் அதுக்கு மரியாதை" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நீங்க கதவுக்கு முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க, அதான் மரியாதை இல்ல. குழம்பு ஊத்தவா?" என்பேன்.

இந்தப் பாடத்தை முகம் சுளிக்காமல் கேட்கிற ஒரே ஜீவன் அவருடைய அக்கா. எனக்கு அண்ணி. நாலு வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போய் ஊன்றுகோலில் நடப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பில் எட்டாவது மாடியில் தனியாக இருந்துகொண்டு, பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பாள். அந்தக் குடியிருப்பின் லிஃப்டைப் பார்த்துக்கொள்வதும் என் வீட்டுக்காரர்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் முடிந்ததும் எட்டாவது மாடிக்குப் போய் டீ குடித்துக்கொண்டு புதுக்கதையைப் படித்துக் காட்டுவார். அவளும் பென்சிலை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "பேய் நல்லா இருக்குடா. பயம்தான் வரல" என்பாள். பத்திரிகைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் அவர்கள் டீ கொடுக்கவில்லை.

நாற்பத்தொன்றாவது கதை திரும்பி வந்த அன்று மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே ஓடி வந்தார். "கற்பனைதான் தப்பு! ஆசான்கள் என்ன பண்ணாங்க? டைரி, கடிதம், கப்பல் குறிப்பு, இப்படித்தானே எழுதினாங்க? நிஜ ஆவணம் மாதிரி இருந்தாத்தான் நம்புவான். ஒரு பொய்கூட இருக்கக் கூடாது!" வாயெல்லாம் நுரை. அன்றைக்கே அவர் வாயை நான் கொப்பளிக்க விடாமல் கட்டியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பராமரிப்பு நோட்டு உண்டு. மெக்கானிக் வந்த தேதி, செய்த வேலை, கண்ட குறை எல்லாவற்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு வாட்ச்மேன் மேஜையில் ஒரு நூலில் தொங்கும். அதை யாரும் படிப்பதில்லை. படிக்காமலே கையெழுத்துப் போடுவதில் அந்தச் செயலாளருக்கு முப்பது வருஷ உத்தியோகப் பழக்கம். இப்படி யாருமே திறந்து பார்க்காத நோட்டில் என் வீட்டுக்காரர் தன் நாற்பத்திரண்டாவது கதையை ஆரம்பித்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு. முதல் பதிவு: "எண்ணெய் விடப்பட்டது. கம்பிவடம் சரி. மூன்றாவது மாடியில் யாரும் அழைக்காமலே நின்றது." இரண்டாவது: "மறுபடியும் மூன்று. கதவு திறந்தது. யாரும் இல்லை. மூடிக்கொண்டது." மூன்றாவது: "இன்று உள்ளே நான் இருந்தேன். மூன்றில் வழக்கத்தைவிட அதிக நேரம் கதவு திறந்திருந்தது, மெதுவாக நடப்பவர் யாருக்கோ காத்திருப்பது போல." நான்காவது: "உள்ளே ஒரு கையுறை கிடந்தது. என்னுடையது அல்ல. அளவு மிகச் சிறியது." ஐந்தாவது: "எடை காட்டும் கருவியைப் பார்த்தேன். இனி அதைப் பார்ப்பதாக இல்லை."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையுறை ஏதோ ஒரு குழந்தையுடையது. உள்ளே எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று காட்டும் அந்தக் கருவி ஒன்பது மாதமாக ரிப்பேர், அதைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? "எல்லாமே உண்மை. ஆனா கேக்கும்போது எப்படி இருக்கு!" என்று எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. ஒத்துக்கொள்வேனா? "வெண்டைக்காய் நறுக்கித் தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு அதைக் கேட்டு ரொம்ப சந்தோஷம். "இப்பத்தான்டா எழுதுற" என்றாளாம். இவர் வீட்டுக்குள் வரும்போதே தரையில் கால் படவில்லை.

ஏழாவது பதிவின்போது செயலாளரின் பேனா எழுதவில்லை. வாட்ச்மேன் வேறு பேனா தேடப் போன இரண்டு நிமிஷத்தில், வேலை வெட்டி இல்லாமல் நின்ற அந்த மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் கையெழுத்துப் போடும் ஒரு காகிதத்தைப் படித்தார். அதில் இருந்தது இதுதான்: "மூன்றாவது மாடியில் இருப்பவர்களிடம் இதுபற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்." கேட்காததற்குக் காரணம், போனமுறை பேசப் போனபோது அந்த வீட்டு அம்மா, தூங்குகிற நேரத்தில் மோட்டார் சத்தம் என்று அரைமணி நேரம் பிடித்துக்கொண்டதுதான். அது செயலாளருக்கு எப்படித் தெரியும்? ஏழு பதிவையும் பின்னாலிருந்து முன்னால் படித்தார். பிறகு நாலாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் படியேறிப் போனார்.

சாயங்காலத்துக்குள் நோட்டின் பக்கங்கள் எல்லோர் போனிலும் இருந்தன. மூன்றாவது மாடிக்காரர்களோடு யாரும் பேசவில்லை. ஐந்தாவது மாடிக் கணக்கு வாத்தியார், எதையும் நம்பாத ஆள், "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார். வழக்கம்போல லிஃப்ட் மூன்றில் நின்றது, கதவு திறந்தது. வாத்தியார் பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார், கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நம்பாதவனே நடுங்கினால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்! மறுநாளே சங்கம் கூடித் தீர்மானம் போட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் வைத்துக்கொண்டார்.

லிஃப்ட் கம்பெனி ஒரு அதிகாரியை அனுப்பியது. அவர் பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை. பூரண பாதுகாப்பானது" என்று அச்சடித்த காகிதத்தை ஒவ்வொரு மாடியிலும் ஒட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் அதுவரை பயப்படாத மூன்று குடும்பங்களும் பயந்துவிட்டன. ஒன்றும் இல்லாவிட்டால் எதற்கு ஒட்டுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். அதை மடித்து ஆசான்கள் அலமாரியில் செருகிவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு, அத்தனை பேரும் பயந்திருக்கிறார்கள்! இந்தச் சிரிப்பு சரியாக மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் அண்ணி போன் செய்தாள்.

அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நாற்பத்தாறு வயதில் வீட்டை விட்டு வெளியே போய்ப் பார்க்கிற முதல் வேலை, ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகப் பட்டியல் தயாரிக்கிற வேலை. இதற்காக அவள் மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. எட்டு மாடிக்கும் சேர்த்து நூற்று நாற்பத்து நாலு படி.

"நாங்க ரெண்டு பேரும் நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்துடுறோம் அண்ணி" என்றேன்.

"ஒரு நாள் தூக்குவ. தினமும் தூக்குவியா? நான் என்ன பீரோவா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அவன்கிட்ட சொல்லும்மா, லிஃப்டை எப்படியாவது ஓட வைக்கச் சொல்லு. எனக்கு இந்த வேலை வேணும்."

நான் சொன்னேன். சொன்ன விதம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். "உங்க கதைக்கு உங்க அக்காவோட வேலைதான் பலியா? முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க, அது ஏன் மூணுல நிக்குது?"

"தெரியல."

"பாக்கலையா?"

"பட்டன் பிளேட்டைக் கழட்டினா தெரிஞ்சிடும்."

"பதினாலு வாரமா ஏன் கழட்டல?"

"காரணம் தெரிஞ்சிட்டா கதை போயிடும்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கரண்டி இருந்தது அவருடைய கெட்ட நேரம், அதைக் கீழே வைத்தது அவருடைய நல்ல நேரம்.

மறுநாளே போய்ப் பிளேட்டைக் கழற்றினார். பத்து நிமிஷ வேலை. மூன்றாவது மாடிப் பட்டனுக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. அந்த மாடியில் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், பட்டனை அழுத்தியது போல ஆகிவிடும். புது ஸ்பிரிங் போட்டுவிட்டு, பழையதைக் கையில் ஏந்திக்கொண்டு, பத்து நாள் கழித்துக் கூடிய சங்கக் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன்.

"நான் எழுதினது ஒரு கதைப் பயிற்சிங்க. எல்லாத்துக்கும் காரணம் இதுதான்" என்று ஸ்பிரிங்கைக் காட்டினார். கடுகு டப்பா மூடியில் அடங்குகிற ஸ்பிரிங்.

கூட்டம் அதைப் பார்த்தது. கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. "மூணு வாரமா முட்டி தேய மாடிப்படி ஏறினோமே, இந்த ஸ்பிரிங்குக்காகவா?" என்று வாத்தியார் எழுந்தார். அவர் செருப்பை விட்டு ஓடியது ஒரு ஸ்பிரிங்குக்காக என்று எப்படி ஒத்துக்கொள்வார்? செயலாளர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "பாவம், கம்பெனிக்காரன் வாயை அடைச்சுட்டான். மெமோ குடுத்திருக்கான் பாருங்க. கண்ணால பாத்த ஒரே சாட்சி இவர்தான்." எல்லோரும் என் வீட்டுக்காரரை அனுதாபத்தோடு பார்த்தார்கள். ஒரு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆசான்களின் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் உண்மை சொல்கிறவனை எப்படி நடத்துவார்களோ, அதேபோல.

சேர வேண்டிய திங்களுக்கு இன்னும் நாலு நாள். வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"காட்டிட்டா பயம் செத்துடும்னு நீங்கதானே தினமும் சொல்வீங்க? காட்டுங்க" என்றேன்.

"எதை?"

"பேயை. தலையிலேர்ந்து கால் வரைக்கும்."

முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "அசிங்கமா இருக்குமே. நான் இதுவரைக்கும் எழுதினதுலயே நல்லது அது ஒண்ணுதான். அதுல போயி கண்ணு சிவப்பா இருந்ததுன்னு எழுதணுமா?"

"எழுதுங்க. அதுவும் ரொம்ப மோசமா எழுதுங்க" என்று ஒரு நோட்டை எதிரே வைத்தேன்.

மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவினார். மோசமாக எழுதுவது இவருக்கு இவ்வளவு கஷ்டம் என்று நாற்பத்தொரு கதை படித்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, "இத்தனை நாள் மறைச்சதைச் சொல்லிடுறேன்" என்றார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாசித்தார்: "அதன் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கண்கள் நெருப்புப் போல் சிவந்திருந்தன. பற்கள் மொத்தம் முப்பத்தெட்டு, அவற்றுள் நான்கு வெளியே. தலைமுடி முழங்கால் வரை, சீவாதது. முதலில் அது ஹாஹாஹா என்று சிரித்தது. பிறகு ஹீஹீஹீ என்று சிரித்தது. உயிரோடு இருந்தபோது அது தபால் இலாகாவில் இரண்டாம் நிலை எழுத்தராக இருந்தது. பதவி உயர்வு கிடைக்காமல் இறந்துபோனது. மூன்றாவது மாடிக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் கொடுக்க வேண்டியிருந்ததால்..."

பதவி உயர்வில் செயலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரிஜிஸ்டர் தபாலில் அவரையும் மீறிச் சிரிப்பு வெடித்தது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க!" என்று ஒரு பையன் மூன்றாவது மாடி அம்மாவைப் பார்த்துக் கத்த, அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்ன சார் இது, இவ்வளவு கேவலமா ரீல் விடுறீங்க! இதுக்கா நாங்க பயந்தோம்?" என்றார் வாத்தியார், தான் பயப்படவே இல்லை என்ற தொனியில். என் வீட்டுக்காரர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். முன்வழுக்கை வரை சிவந்திருந்தது. எனக்கு அவரைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, சங்கக் கூட்டத்தில் எப்படிக் கட்டிக்கொள்வது? செயலாளர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் லிஃப்டில் எட்டாவது மாடிக்குப் போனோம். எங்கும் நிற்கவில்லை. அண்ணி தயாராக நின்றாள். கஞ்சி போட்ட புடவை, தோளில் பை, பைக்குள் நியமனக் கடிதம். ஊன்றுகோலை ஊன்றி லிஃப்ட் வாசல் வரை வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

"வாங்க அண்ணி" என்றேன்.

"வரேன்" என்றாள். வரவில்லை.

கதவு மூடப் பார்த்தது, இவர் கையை வைத்துத் தடுத்தார். மறுபடியும் மூடப் பார்த்தது, மறுபடியும் தடுத்தார். ஒன்பது பத்து ஆகிவிட்டது.

"அக்கா, அது வெறும் ஸ்பிரிங்தான். நான்தான் மாத்தினேன்."

"தெரியும்டா. ஸ்பிரிங்குன்னு தெரியும். எடை மிஷின் ரிப்பேருன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் கால் வரமாட்டேங்குது." அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அவங்க பூட்டுறதுக்கு முன்னாடியே நான் இதுல ஏறலடா. அந்த எடை மிஷின் வரியைப் படிச்சுக் காட்டினியே, அன்னிலேர்ந்து. ஏழு வாரமா நான் கீழ இறங்கல."

"அந்த... கூட்டத்துல படிச்சதைச் சொன்னேனே, எல்லாரும் சிரிச்சாங்களே..."

"அவங்க சிரிப்பாங்க. நீ வேணும்னே கெடுத்து எழுதினேன்னு எனக்குத் தெரியாதா? உன் பிழையெல்லாம் இருபது வருஷமா திருத்துறவ நான். எனக்கு முதல்ல எழுதினதுதான் நிக்குது." "வேலை போயிடுமேடா."

பல் டாக்டர் வரவேற்பறையில் ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வாசகராவது நிஜமாகப் பயப்பட வேண்டும் என்று தவம் கிடந்தவர், அந்த வாசகி எதிரே நின்றபோது பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

பிறகு அவர் வெளியே வந்து கையை நீட்டினார். "கண்ணை மூடிக்கோக்கா. என் கையைப் பிடி. நான் ஒவ்வொரு மாடியா சொல்றேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டேன். மூவரும் உள்ளே போனோம். கதவு மூடியது.

"எட்டுலேர்ந்து கிளம்பிடுச்சு. ஏழு. ஆறு. அஞ்சு. நாலு." அவள் நகம் அவர் கையில் பதிந்துகொண்டே போனது. "மூணு. தாண்டிருச்சுக்கா. ரெண்டு. ஒண்ணு."

கீழே கதவு திறந்தது. வாட்ச்மேன், செயலாளர், இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாராவது முதலில் போய்வரட்டும் என்று காத்திருந்த வீரர்கள், எங்களைப் பார்த்ததும் கைதட்டினார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியில் ஏறினாள். ஒன்பது நாற்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது.

சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது இவர் கீழே நின்றார், மேலே வரை எண்ணிக்கொண்டே கூடப் போனார். மறுநாள் காலையும் போனார், சாயங்காலமும் போனார். கம்பெனியில் கேட்டதற்கு, அந்த லிஃப்டுக்குத் தினசரி பராமரிப்பு தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டார். ஒன்றரை மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணி லிஃப்டுக்குள் போய்த் திரும்பி நின்று, "நீ வர வேணாம்டா. நானே எண்ணிக்கிறேன்" என்றாள். கதவு மூடியது. அவர் கதவுக்கு மேலே மாறுகிற சிவப்பு எண்கள் எட்டு வரை போகின்றனவா என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார், என் கையை அவர் பிடித்த பிடியில் என் வளையல் நசுங்கிவிட்டது.